வாடகைச் சட்டமும் வீட்டு வாயிலும்

வீடொன்றைச் செப்பனிட்டு, வெள்ளையடித்துப் புதிய குடியிருப்பாளரை வரவேற்பது இருவருக்கிடையிலான எளிய ஒப்பந்தமாகவே தோன்றும். எனினும், இலங்கையில் அவ்வொப்பந்தத்தின் மூன்றாந் தரப்பாக அரசு நெடுங்காலம் இருந்து வந்துள்ளது.

யுத்தகால நெருக்கடியில், 1942 இல் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமோ வாடகைக்கு வரம்பிட்டது. குடியிருப்பாளரை வெளியேற்றுவதை அரிதாக்கியது. முற்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் அடக்கியது. மறு ஆண்டில் வந்த வீட்டாதன உச்சவரம்புச் சட்டம், மிகைவீடுகளை அவற்றிற் குடியிருந்தோரே வாங்கவும் வழிசெய்தது.

வாடகை வீட்டில் வாழ்ந்த பலருக்கு இவை நிழலளித்தன என்பது மறுக்கவொண்ணாதது. ஆயினும், வாடகை உயராதவிடத்துச் செப்பனிடும் ஊக்கமுங் குன்றியது. ஒருமுறை குடிவந்தவரை எழுப்பவியலாது என அஞ்சிய உடைமையாளர் சிலர், வீட்டைப் பூட்டிவைப்பதே மேலெனக் கருதினர். 1980 ஆம் ஆண்டுத் திருத்தம், உடைமையாளர் தாமே வசித்த வீட்டை அதன்பின் வாடகைக்கு விடின், அதற்கு விலக்களித்தது. இவ்வச்சத்தை அரசே உணர்ந்தமைக்கு இது சான்றாகும்.

உள்ளிருப்போருக்கு அரணாகும் சட்டம், வெளியே வீடு தேடி நிற்போருக்குத் தடையாகவும் அமையலாம். இவ்விரு சாராரையும் ஒருங்கே நோக்காத வீடமைப்புக் கொள்கை நிறைவுடையதாகாது.