சலனமறி காமிரா
சலனமறி காமிரா என்பது, தன் எதிரே உள்ள காட்சியில் நேரும் மாறுதலைக் கணக்கிட்டு, அம்மாறுதல் பொருட்படுத்தத் தக்கதென்று கண்டால் மட்டும் படத்தைப் பதிவு செய்து வீட்டாருக்கு அறிவிக்கும் காவற்சாதனமாகும். உடலின் வெப்பத்தை உணர்ந்து ஒலியெழுப்பும் பழைய கருவிகளினின்று இது வேறுபட்டது; இதற்குப் படமே ஆதாரம்.

வீட்டு வாசலுக்குக் காமிராவைக் காவலாக்கிய முன்னோடிகளுள் ஒருவர், நியூயார்க் நகரத்துக் குயீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்னும் நர்ஸ். அகால வேளைகளில் பணிக்குச் சென்று திரும்பிய அவர், தம் கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து ஒரு வீட்டுக் காவற்சாதனத்துக்கு 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் அச்சாதனத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மனிதக் கண் வேண்டியிருந்தது. அக்கண்ணின் வேலையைச் சாமானியரும் கணினியிடம் ஒப்படைப்பதற்கு, இன்டெல் நிறுவனம் 1999-இல் தொடங்கிய ஓபன்சிவி என்னும் இலவச நிரல் தொகுதியும், 2012-இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியும் வழி செய்தன.

சலனமறிதலின் அடிப்படைத் தத்துவம் கழித்தலே. வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக்கி, நுண்ணிய இரைச்சல் அடங்கும்படி சற்றே மங்கலாக்கி, முன் படத்தினின்று பின் படத்தைப் புள்ளி புள்ளியாகக் கழித்தால், அசையாதவை பூஜ்யத்தை ஒட்டி நிற்க, அசைந்தவை மட்டும் எஞ்சும். 0 முதல் 255 வரையுள்ள ஒளியளவில் வித்தியாசம் 25-ஐப் போன்ற ஒரு வரம்பைத் தாண்டிய புள்ளிகளைத் திரட்டி, அத்திரள் போதிய பரப்புடையதாயின் சலனம் என்று கொள்வர். காற்றிலாடும் வேப்பங்கிளையும் இம்முறைக்குத் திருடனாகவே தோன்றும். இக்குறைக்கு ஸ்டாஃபர், கிரிம்சன் என்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1999-இல் நேர்த்தியானதொரு பரிகாரம் கண்டனர்: ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே நிறத்தை விதிக்காமல் பல நிறங்களின் நிகழ்தகவை வைத்து, இலையும் வானமும் மாறி மாறித் தெரிவதையே அவ்விடத்தின் இயல்பு நிலை என்று இயந்திரத்துக்குக் கற்பித்தனர்.

எனினும் எது இயல்பு என்பது ஊரைப் பொறுத்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்களும் ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான் கார்களும் உற்பத்தியாகத் தொடங்கிய பின், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தெருக்களில் தொழிலாளர் வாடகைக்குக் குடியிருக்கும் லைன் வீடுகள் பெருகின. நள்ளிரவில் ஷிப்டு முடிந்து வருவோரும் விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்கு விரைவோருமாக அங்கே ஆள் நடமாட்டம் ஓய்வதில்லை. திருப்பத்தில் பஸ்ஸின் முகப்பு விளக்கு சுவரைத் தடவிச் செல்கையில் படப்புள்ளிகள் அனைத்தும் ஒருங்கே மாறும். ஆகவே படத்தின் பெரும்பகுதி ஒரு கணத்தில் மாறினால் அதை வெளிச்ச மாற்றமென்று தள்ளிவிடுமாறு நிரலில் விதி எழுத வேண்டும். இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு விளக்கை நாடி வரும் பூச்சிகளும், அவற்றை நாடிக் கண்ணாடியின் மேலேயே வலை பின்னும் சிலந்திகளும் தரும் தொல்லைக்கு மட்டும் துடைப்பமே மருந்து. எந்தக் கணிதமும் அதைத் தீர்த்ததாகத் தெரியவில்லை.

2016-இல் வெளிவந்த யோலோ போன்ற நரம்பு வலையமைப்புகள் மனிதனையும் நாயையும் வேறு பிரித்துச் சொல்லும். ஆனால் இரவு ஒரு மணிக்குக் கதவைத் திறப்பவர் குடியிருப்பவரா அந்நியரா என்பதை அவை தாமாகச் சொல்வதில்லை. முகங்களைக் கற்பித்தால் சொல்லக்கூடும். அவ்வாறு செய்யின், வீட்டுக்காரர் தம் குடித்தனக்காரர்களின் வருகையையும் போக்கையும் நாள்தோறும் குறித்து வைத்தவராகிவிடுவார் என்பது என் ஆட்சேபம். அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபரின் சொந்த, இல்லத் தேவைகளுக்கு விலக்களிக்கிறதேனும், வாடகை வரும் லைன் வீட்டின் பொது நடை அவ்விலக்கில் அடங்குமோ என்பது விவாதத்துக்குரியது. எதிர்வாசலைக் கணக்கிலிருந்து நீக்க, படத்தின் அப்பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி நிரலில் உண்டு. அதைப் பயன்படுத்துவோர்தாம் சிலர்.

படம் சாட்சியாவது இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலையுண்டபோது, அங்கே படமெடுத்த புகைப்படக்காரர் மாண்டும் அவருடைய காமிரா தப்பியது. அதிலிருந்த படங்கள் புலன் விசாரணைக்குத் தலையாய தடயமாயின. பிலிமுக்கு இல்லாத ஒரு நிபந்தனை இன்றைய மின்னணுப் பதிவுக்கு உண்டு: 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, அதன் நகலை நீதிமன்றத்தில் சமர்ப்பிப்போர் உரிய சான்றிதழையும் உடன் அளிக்க வேண்டும்.