தோல் கிழிந்தால்...

எலும்பு முறிவில் எத்தனையோ தினுசு உண்டு. குழந்தைகளின் எலும்பு பச்சைக் கொம்பு மாதிரி. ஒரு பக்கம் பிளந்து, மறு பக்கம் வளைந்து நிற்கும். வயதானவர்களுக்கோ வழுக்கி விழுந்த மாத்திரத்தில் இடுப்பருகே முறிந்துவிடும். ஆனால் பழைய வைத்திய சரித்திரத்தைப் புரட்டும்போது, எல்லாவற்றையும் விடப் பெரிய பாகுபாடு ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோல் கிழிந்ததா, இல்லையா?

தோல் கிழியாவிட்டால் கவலை குறைவு. கட்டுப் போட்டு அசையாமல் படுக்க வைத்தால் எலும்பு தானே கூடிவிடும். தோலைப் பொத்துக்கொண்டு எலும்பு வெளியே எட்டிப் பார்த்துவிட்டதோ, வந்தது ஆபத்து! புண் சீழ் வைக்கும், ஜுரம் காணும், உயிரே போகும். ஆகவே காலை வெட்டிவிடுவதே பெரும்பாலான வைத்தியர்களின் தீர்ப்பாக இருந்தது.

அந்தத் தீர்ப்பு ஒரு வைத்தியர் மீதே பாய்ந்தது. 1756-இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற பிரபல சர்ஜன் குதிரையிலிருந்து விழுந்தார்; கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. கண்டபடி தூக்கினால் கால் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். குளிரில் தெருவிலேயே கிடந்தபடி ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, அதில் கழிகளை அறையச் சொல்லி, பல்லக்குக்காரர்கள் சுமக்க வீடு போய்ச் சேர்ந்தார். வெட்டுவதற்குக் கத்தியும் ரம்பமும் தயாராகிவிட்டன. அந்த நேரத்தில் அவருடைய பழைய குரு நர்ஸ் என்பவர் வந்து, காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது. ஆனால் ஏன் பிழைத்தது? யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத அதிர்ஷ்டம் அடுத்த நோயாளிக்கு உதவுமா?

காரணத்தைத் தேடியவர் கிளாஸ்கோவிலிருந்த ஜோசப் லிஸ்டர். மூடிய முறிவு ஆறுகிறது, திறந்த முறிவு அழுகுகிறது. அப்படியானால் குற்றம் எலும்பில் இல்லை. வெளியிலிருந்து எதுவோ உள்ளே நுழைகிறது! அழுகலுக்குக் காரணம் வெறும் காற்றல்ல, நுண்ணுயிர்களே என்ற பாஸ்டரின் ஆராய்ச்சி அவருக்கு வழி காட்டியது. கார்லைல் நகரத்தில் சாக்கடை நாற்றம் போகக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தியதும் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

1865 ஆகஸ்டு 12. வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் ராயல் இன்பர்மரி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டினார். நான்கு நாள் கழித்துப் பிரித்தார். சீழ் இல்லை! ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது.

1867-இல் 'லான்செட்' பத்திரிகையில் இத்தகைய 11 நோயாளிகளின் விவரத்தை அவர் வெளியிட்டார். ஒருவர் இறந்தார், ஒருவர் காலை இழந்தார், ஒன்பது பேர் உறுப்பை இழக்காமல் பிழைத்தார்கள்.

கார்பாலிக் கட்டு பிற்பாடு மறைந்துவிட்டது. இன்று உடனே கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, புண்ணைக் கழுவி, செத்த சதையை அகற்றுகிறார்கள். முறை மாறினாலும் தத்துவம் அதுவேதான். பெரிய சர்ஜனுக்கு அதிர்ஷ்டத்தால் கிடைத்த காலை, வண்டியில் அடிபட்ட ஏழைப் பையனுக்கும் உரியதாக்கியது அறிவு. வைத்திய சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வெற்றி இதுதான்.