தானியமும் வெஞ்சனமும்: கடக்வாஸ்லாவிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

புணே நகரத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் கடக்வாஸ்லா அணையைக் கடந்து சிங்ககட் கோட்டைக்குச் செல்வது வழக்கம். கோட்டைமேல் அவர்கள் விரும்பி உண்பது பிட்லாவும் பாக்ரியும். சோளமாவைக் கையால் தட்டிச் சுட்ட அடை பாக்ரி. கடலைமாவை நீரில் கரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொதிக்கவைத்த குழம்பு பிட்லா. இன்று சுற்றுலா உணவாகிவிட்ட இது, தக்காணத்தின் மானாவாரி உழவர் குடும்பங்களுக்கு நெடுங்காலம் அன்றாட இரவுணவாக இருந்தது.

இவ்வுணவின் சிக்கனம் பிட்லாவில் இருக்கிறது. ஒரு கிண்ணம் கடலைமாவு மூன்று, நான்கு கிண்ணம் நீரை வாங்கிக்கொள்ளும். காய்கறி இல்லாத நாளிலும், பருப்பை வேகவைக்க விறகு போதாத நாளிலும், அரை நாழிகைக்குள் எட்டுப் பேருக்கு அடுப்பிலிருந்து இறங்கிவிடும். நம் ஊரில் கம்பங்கூழுக்குக் கொள்ளுத் துவையலும், கேழ்வரகுக் களிக்குக் கீரைக் குழம்பும் செய்த வேலையை இங்கே பிட்லா செய்தது. தென்மாவட்டங்களில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் யாவற்றையும் ‘வெஞ்சனம்’ என்பர். குறைந்த பொருளில் பெரிய குடும்பத்தின் வயிற்றை நிறைப்பது எப்படி என்ற அறிவு பெரும்பாலும் வெஞ்சனம் பற்றிய அறிவே.

ஆனால் ஏழைக் குடும்பத்தின் உணவை அரசும் அறிஞரும் அளந்தபோது முதலில் எண்ணப்பட்டது தானியம். வெஞ்சனம் எச்சமாகவே கருதப்பட்டது. இந்த அளவைகளின் வரலாற்றில் புணே வட்டாரத்துக்கு ஒரு தனி இடமுண்டு. அதைச் சுருக்கமாகப் பதிவு செய்வதே இக்குறிப்பின் நோக்கம்.

முட்டா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லா அணை 1869இல் தொடங்கி 1879இல் முடிந்தது. வடிவமைத்த பொறியாளரின் பெயரால் அதன் நீர்த்தேக்கம் ஃபைஃப் ஏரி எனப்பட்டது. பாசனத்துக்கும் புணே நகர, படைமுகாம் குடிநீருக்கும் இது திட்டமிடப்பட்டது. அணை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், 1876 முதல் 1878 வரை, சென்னை, பம்பாய் மாகாணங்களையும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களையும் பெரும்பஞ்சம் தாக்கியது. நம் நாட்டுப்புற வழக்கில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நினைவுகூரப்படுவது இதுவே.

1877 சனவரியில் வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்குத் தம் பிரதிநிதியாக அனுப்பினார். 1873-74 பிகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவிட்டவர் என்ற பழி டெம்பிள் மீது இருந்தது. இம்முறை சிக்கனத்தை மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவருக்கு. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று அவர் வரையறுத்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 454 கிராம். சோளமாயின் சுமார் 1,600 கலோரி. நாள் முழுதும் மண் சுமக்கும் உடலுக்கு அது பற்றாது. எஞ்சிய சிறு காசு பருப்பு, உப்பு, மிளகாய், விறகு ஆகிய அனைத்துக்குமானது. பஞ்சகால விலையில் அந்தச் சிறு காசு எதை வாங்கித் தந்திருக்கும்?

இதை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ். அவரது வாதம் இரு கூறானது. ஒன்று அளவு பற்றியது: உழைக்கும் மனிதனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும். மற்றொன்று தன்மை பற்றியது: தானியம் மட்டும் உணவாகாது, பருப்பு போன்ற புரதப் பொருள்களும் காய்கறியும் சேரவேண்டும். நிவாரணக் கூலியை விடச் சிறைச்சாலை உணவு மேலானதாக இருப்பதையும் அவர் சுட்டினார். வாதம் அச்சேறி வளர்ந்தது. சில மாதங்களில் சென்னை அரசு டெம்பிளின் அளவைக் கைவிட்டு உயர்ந்த அளவுக்குத் திரும்பியது.

பம்பாய் மாகாணத்துத் தக்காண மாவட்டங்களில் எதிர்ப்பு வேறு வடிவம் கொண்டது. குறைக்கப்பட்ட கூலியை ஏற்க மறுத்து ஆயிரக்கணக்கான உழவர்கள் நிவாரணப் பணியிடங்களை விட்டு வெளியேறினர். 1870இல் தோன்றிய புணே சார்வஜனிக சபை அவர்கள் நிலையை எடுத்துரைத்து அரசுக்கு மனுக்கள் அனுப்பியது. அவ்வாண்டே டெம்பிள் பம்பாய் ஆளுநரானார். ஆளுநரின் மழைக்கால மாளிகை புணேயின் கணேஷ்கிண்டில் இருந்தது. இன்று அது பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். ஒரு பவுண்டுக் கணக்கின் ஆசிரியர் வாழ்ந்த வளாகத்தில்தான் நம் மாணவர்கள் இன்று வறுமை அளவீட்டைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

அடுத்த அளவீடு குடும்பத்தை அலகாகக் கொண்டது. புணே வேளாண் கல்லூரி முதல்வர் ஹெரால்டு மான், நகரை அடுத்த பிம்ப்ளே சௌதாகர் கிராமத்தை வீடுவீடாக ஆய்ந்து 1917இல் நூலாக வெளியிட்டார். ஆராயப்பட்ட 103 குடும்பங்களில் தம் நிலத்தைக் கொண்டு நல்ல நிலையில் இருந்தவை 8. வெளிவேலையால் சமாளித்தவை 28. எஞ்சிய 67 குடும்பங்களும் வரவு போதாதவை. இங்குதான் முதன்முறையாகக் கூலியாளின் தனி உடல் பின்னுக்குச் சென்று, ஒரே அடுப்பில் உண்ணும் குடும்பம் கணக்குக்குள் வருகிறது. எனினும் மான் விடையளித்தது பற்றாக்குறை எவ்வளவு என்ற வினாவுக்கே. அப்பற்றாக்குறையோடு 67 வீடுகளிலும் இரவில் உலை எப்படி வைக்கப்பட்டது என்பது வேறு வினா. வரவுசெலவு அட்டவணை அதற்கு விடை தராது.

1971இல் கோகலே அரசியல், பொருளியல் நிறுவனத்தின் வி. எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் ‘இந்தியாவில் வறுமை’ ஆய்வை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 2,250 கலோரி என்பது அவர்களது அடிப்படை. 1960-61 விலையில் தலைக்கு மாதம் ஊர்ப்புறத்தில் 15 ரூபாயும் நகர்ப்புறத்தில் 22 ரூபாய் 50 காசும் இல்லாதார் வறியோர். குடும்பங்கள் உண்மையில் செய்த செலவிலிருந்தே அவர்கள் இக்கோட்டை வகுத்தனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆகவே வெஞ்சனச் செலவு அதில் அடங்கும். ஆயினும் கோட்டைத் தீர்மானித்த ஒரே அலகு கலோரியே.

கலோரி மட்டும் ஏன் போதாது என்பதற்குத் தக்காணமே சான்று தந்தது. சோளத்தையே முதன்மையாக உண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா என்னும் நோய் காணப்பட்டது. சோளத்தில் மிகுதியாக உள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தை அதனோடு தொடர்புபடுத்தி, ஐதராபாத்தில் பணியாற்றிய சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினர். கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அவரது ஆய்வுக்கூடம் குன்னூரில் வளர்ந்து ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. மறுபுறம், தானியமும் பருப்பும் சேர்ந்த எளிய உணவை வயிறார உண்டால் புரதத் தேவை பெரும்பாலும் நிறைவேறிவிடும் என்று புள்ளியியலறிஞர் பி. வி. சுகாத்மே வாதிட்டார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பாக்ரியும் பிட்லாவும் ஒரே தட்டில் இருப்பதன் பொருள் விளங்கும். 1877இல் கார்னிஷ் கேட்டதும் கிட்டத்தட்ட இத்தட்டையே.

மகாராட்டிர அரசு 1995இல் ஒரு ரூபாய்க்கு ‘சுண்கா பாக்கர்’ வழங்கத் தொடங்கியது. சுண்கா, பிட்லாவின் கெட்டியான வடிவம். வெஞ்சனத்தின் பெயரையே திட்டத்தின் பெயராக்கிய வகையில் அது கவனத்துக்குரியது. 2020இல் வந்த பத்து ரூபாய்ச் ‘சிவ போஜன’த்தில் சப்பாத்தி, சோற்றோடு பருப்பும் காய்கறியும் கிராம் கணக்கில் குறிக்கப்பட்டன. ஆனால் இவை கடையில் நின்று தனியாள் உண்ணும் உணவுகள். வீட்டின் இரவுணவுக்கு வருவது நியாயவிலைக் கடைப் பொருள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ என வரையறுப்பது தானியத்தை மட்டுமே. நாளுக்கு ஏறத்தாழ 167 கிராம். தமிழ்நாட்டின் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007 முதல் துவரம்பருப்பையும் பாமாயிலையும் சேர்த்துத் தருகிறது. இவ்வேறுபாட்டை நிர்வாகத் தாராளம் என்று மட்டும் பார்ப்பது போதாது. ‘உணவு’ என்ற சொல்லுக்குக் கொள்ளும் பொருளிலேயே இரண்டும் வேறுபடுகின்றன.

பஞ்சம், வறுமை பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணத்தில் தானிய அளவைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். அதனுடன் உப்புக்கும் பருப்புக்கும் விறகுக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று தேடுங்கள். மாவை எத்தனை மடங்கு நீரில் கரைக்கலாம் என்று அறிந்தவள் எவ்வாறு அந்த ஒதுக்கீட்டை எட்டுப் பேருக்குப் பங்கிட்டாள், கடைசியாக உண்ட அவளுக்கு என்ன மிஞ்சியது என்றும் கேளுங்கள். சிங்ககட்டில் பிட்லா பரிமாறும் மூதாட்டிகளிடம் அதற்கான விடைகள் இன்னும் இருக்கின்றன. நாம் அங்கே வெறும் உண்போராகப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.