‘திருப்திகரமான முன்னேற்றம்’: யாருக்குத் திருப்தி?

இந்த எபிசோட்ல ஒரு சாப் கதை. நம்ம ஐடி ஆளுங்க உடனே ஈஆர்பி மென்பொருள்னு நினைச்சுப்பீங்க. இது வேற சாப். அமெரிக்காவுல காலேஜ் படிக்கிற பசங்க பயப்படுற சாப்: சாட்டிஸ்ஃபாக்டரி அகடமிக் ப்ராக்ரஸ். தமிழ்ல சொல்லணும்னா, திருப்திகரமான கல்வி முன்னேற்றம். இந்த அளவுகோல்ல ஒருத்தர் தவறினா, அவருக்கு மத்திய அரசு தர்ற படிப்பு உதவி நின்னுடும். ஏழைக் குடும்பத்துப் பசங்களுக்கான பெல் கிராண்ட், அரசுக் கல்விக் கடன், காலேஜ்லயே பகுதி நேர வேலை பார்த்துச் சம்பாதிக்கிற ஒர்க்-ஸ்டடி, மூணுமே போயிடும்.

இங்கேருந்து எஃப்-1 விசாவுல போறவங்களுக்கு இந்த உதவியே கிடையாது, அதனால நம்மள நேரடியா பாதிக்காது. ஆனா ஒரு அரசாங்கம் தன்னோட பசங்களைப் பார்த்து “நீ ஒழுங்கா படிக்கிறியா?”ன்னு எப்படிக் கேட்டுச்சு, அந்தக் கேள்வி எப்படி ஒரு ஃபார்முலாவா மாறுச்சுங்கிறது எல்லாருக்கும் தேவையான கதைன்னு எனக்குத் தோணுது.

1944-லேர்ந்து தொடங்குவோம். ரெண்டாம் உலகப் போர் இன்னும் முடியல. ஜூன் 22 அன்னிக்கு அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போடுறார். அதுதான் ஜி.ஐ. பில். போர்லேர்ந்து திரும்புற வீரர்கள் காலேஜ் போனா, வருஷத்துக்கு 500 டாலர் வரைக்கும் ஃபீஸை அரசு கட்டும். கைச்செலவுக்கு மாசம் 50 டாலர், குடும்பம் இருந்தா 75. இருபது லட்சத்துக்கும் மேல வீரர்கள் இதை வெச்சு காலேஜ் போனாங்க. அவங்க படிப்பு திருப்தியா இருக்கணும்னு அந்தச் சட்டத்துலயே இருந்துச்சு. யாருக்குத் திருப்தி? அந்தந்தக் காலேஜோட வழக்கமான விதிப்படி, காலேஜுக்கு. வாஷிங்டன் அதுக்குள்ள மூக்கை நுழைக்கல.

அடுத்து 1957. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ல விட்டதும் அமெரிக்காவுக்குத் தூக்கம் போச்சு. 1958-ல தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்து மாணவர்களுக்குக் கடன் குடுத்துச்சு. அதுலயும் மாணவர் நல்ல நிலையில தொடர்வாரான்னு முடிவு பண்ற பொறுப்பு காலேஜ்கிட்டயே இருந்துச்சு.

1965 நவம்பர் 8-ல லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்துல கையெழுத்துப் போடுறார். இடம், டெக்சாஸ்ல சான் மார்கோஸ்ங்கிற ஊர்ல அவர் படிச்ச அதே காலேஜ். 1972-ல இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இன்னிக்கு நாம பெல் கிராண்ட்னு சொல்ற உதவி பிறக்குது. ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல் பேரை அதுக்கு வெச்சது 1980-ல. இதோட சிறப்பு என்னன்னா, தகுதி மாணவரோட பேர்ல வருது. அவர் எந்தக் காலேஜ்ல சேர்றாரோ அங்க உதவி அவர் பின்னாடியே போகும்.

பணம் பெருசாச்சுன்னா கேள்வியும் பெருசாகும், இல்லையா? 1976 திருத்தத்துல, உதவி வாங்குற மாணவர் தன் படிப்புல திருப்திகரமான முன்னேற்றம் காட்டணும்னு பொது விதியாவே எழுதிட்டாங்க. அப்பவும் அளவுகோல் காலேஜோடதுதான். இதுல ஒரு ஓட்டை இருக்கு. மாணவர் இருந்தாத்தான் காலேஜுக்கு ஃபீஸ் வரும். அப்ப கண்டிப்பா இருக்கிற காலேஜுக்கு நஷ்டம், கண்டுக்காம விடுற காலேஜுக்கு லாபம். டெவலப்பரே தன் கோடைத் தானே டெஸ்ட் பண்ணி ஓகே சொல்ற மாதிரி.

1981 டிசம்பர்ல அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குத் தணிக்கை பண்ற ஜிஏஓ ஒரு அறிக்கை விட்டுச்சு. உதவி வாங்குற மாணவர்கள் போதுமான முன்னேற்றம் காட்டல, இன்னும் கடுமையான விதி வேணும்னு அதோட தலைப்பே சொல்லிடுச்சு. 1986-ல ரீகன் கையெழுத்துப் போட்ட திருத்தத்துல முதல் தடவையா ஒரு கிரேடு சட்டத்துக்குள்ள வருது. ரெண்டாம் வருஷ முடிவுல ‘சி’ சராசரியாவது இருக்கணும், இல்லேன்னா அந்தக் காலேஜ்ல பட்டம் வாங்கத் தேவையான நிலையில இருக்கணும். நாலுக்கு 2.0-ங்கிற ஜிபிஏ இங்கேருந்துதான் வருது. சொந்தக்காரர் மரணம், மாணவருக்கு விபத்து இல்ல நோய், வேற சிறப்புச் சூழ்நிலை இருந்தா விலக்கு தரலாம்னும் அந்தச் சட்டம் சொல்லுச்சு. கருணைக்கும் ஒரு வரி இருந்துச்சு.

இப்ப இருக்கிற வடிவம் 2010 அக்டோபர்ல வெளியாகி, 2011 ஜூலை 1-லேர்ந்து அமலுக்கு வந்த விதி. அதுல மூணு கேள்வி. ஒண்ணு, ஜிபிஏ எவ்வளவு? ரெண்டு, எடுத்த கிரெடிட்ல எத்தனை சதவீதம் முடிச்சிருக்கே? மூணு, படிப்போட நீளத்துல 150 சதவீதத்துக்குள்ள முடிப்பியா? 120 கிரெடிட் டிகிரின்னா அதிகபட்சம் 180 கிரெடிட் எடுத்துப் பார்க்கலாம். 120-ஐ 180-ஆல வகுத்தா 66.67. அதனாலதான் நிறைய காலேஜ்ல 67 சதவீதம்னு ஒரு நம்பர் பார்ப்பீங்க.

கணக்கு நல்லாத்தான் இருக்கு. அதுல ஒரு மனுஷரை ஓடவிட்டுப் பார்ப்போம். ஒரு பொண்ணு முதல் செமஸ்டர்ல 15 கிரெடிட் எடுக்கிறா. நடுவுல அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போய், எல்லா பாடத்தையும் கைவிட்டுட்டு ஊருக்குப் போயிடறா. மார்க் ஷீட்ல ‘டபிள்யூ’ன்னு விழும், ஜிபிஏ குறையாது. ஆனா முயற்சி செஞ்ச கிரெடிட்ல அது சேரும். 15-க்கு பூஜ்ஜியம். திரும்பி வந்து அடுத்த செமஸ்டர்ல 15-ம் பாஸ். 30-க்கு 15, ஐம்பது சதவீதம், இப்பவும் ஃபெயில். மூணாவது செமஸ்டர்லயும் 15-க்கு 15. அப்பதான் 45-க்கு 30, அதாவது 66.67. ஒரே ஒரு கெட்ட செமஸ்டரைச் சரிக்கட்ட ரெண்டு முழு செமஸ்டர் குறையில்லாம ஓடணும். அந்த ரெண்டு செமஸ்டருக்கும் ஃபீஸ் யார் கட்டுவா? உதவிதான் நின்னுபோச்சே.

இதுக்கு வழியே இல்லையான்னா, இருக்கு. ஒவ்வொரு செமஸ்டரும் சரிபார்க்கிற காலேஜா இருந்தா, முதல் தடவை ‘வார்னிங்’ குடுத்து ஒரு செமஸ்டருக்கு உதவியைத் தொடரலாம். அப்புறம் அப்பீல். என்ன நடந்துச்சு, இப்ப என்ன மாறியிருக்குன்னு எழுதிக் குடுக்கணும். ஏத்துக்கிட்டா ‘ப்ரொபேஷன்’ல உதவி திரும்ப வரும். ஆனா அப்பீல் வசதியை வெச்சே ஆகணும்னு காலேஜுக்குக் கட்டாயம் இல்ல. படிப்பை விட்டு நாலஞ்சு வருஷம் கழிச்சு வந்தாலும் பழைய கணக்கு தானா அழியாது.

என்னோட கருத்தைச் சொல்லிடறேன். அளவுகோலே வேணாம்னு நான் சொல்லல. அது இல்லாம போனா, மாணவரைச் சேர்த்துக்கிட்டுப் பணத்தை மட்டும் வாங்கிக்கிற காலேஜ்கள்தான் கொழுக்கும். என் பிரச்சனை வேற. மார்க் ஷீட்டைப் பார்த்து உதவியை நிறுத்துறதுக்கு யாரோட கையெழுத்தும் வேணாம், நம்பர் போதும். திரும்ப வாங்குறதுக்கு மட்டும் அந்தப் பொண்ணு தன்னோட துக்கத்துக்கு ஆதாரம் தேடி, யாரோ ஒரு கமிட்டி முன்னாடி கடிதமா வெக்கணும். அப்பீல்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதவங்க, எழுதக் கூச்சப்படறவங்க சத்தமே இல்லாம காலேஜை விட்டுப் போயிடுவாங்க.

இதை மாத்த முடியும்ங்கிறதுக்கு சாட்சி 2020 மார்ச்ல வந்த கேர்ஸ் சட்டம். கொரோனாவால முடிக்க முடியாமப் போன கிரெடிட்டை இந்தச் சதவீதக் கணக்குலேர்ந்து நீக்கலாம், அதுக்கு மாணவர் அப்பீல் போடவே வேணாம்னு அமெரிக்க நாடாளுமன்றம் சொல்லுச்சு. கஷ்டம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல வந்தப்போ, யாரும் ஆதாரம் கேக்கல. அதே கஷ்டம் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தா, ஆதாரம் வேணும்.

1944-ல ‘திருப்தி’ங்கிறது மாணவரை நேர்ல தெரிஞ்ச காலேஜோட வார்த்தையா இருந்துச்சு. இன்னிக்கு அது ஒரு வகுத்தல் கணக்கு. கணக்கு எழுதறது என் தொழில், அதனால சொல்றேன்: ஃபார்முலா தப்பா இல்லாட்டியும், அது எதைக் கேக்காம விடுதுன்னு யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்.

இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.