அரபியில் ஓவியம்

உங்கள் தாய்மொழி எது என்று யாராவது கேட்டால் நீங்களும் நானும் யோசிக்கவே மாட்டோம். எடெல் அத்னானிடம் கேட்டிருந்தால் ஒரு காபி சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்திருப்பார். அவ்வளவு நீளமான கதை.

அப்பா டமாஸ்கஸில் பிறந்த முஸ்லிம். ஒட்டாமன் ராணுவத்தில் அதிகாரி. பின்னாளில் துருக்கிக் குடியரசை உருவாக்கிய முஸ்தஃபா கெமாலோடு ராணுவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர். அம்மா, ஸ்மிர்னா நகரத்துக் கிரேக்கப் பெண். கிறிஸ்தவர். ஸ்மிர்னா என்பது இன்றைய துருக்கியில் இருக்கும் இஸ்மிர். அங்கே உத்தியோகம் பார்க்கப் போன அதிகாரி, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். டமாஸ்கஸில் அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தது தனிக்கதை. இப்போது வேண்டாம்.

முதல் உலகப்போரில் ஒட்டாமன் சாம்ராஜ்ஜியம் தோற்றது. 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா பற்றி எரிந்தது. கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் வசித்த பகுதிகள் சாம்பல். அம்மாவுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. அப்பாவுக்குச் சம்பளம் கொடுத்த சாம்ராஜ்ஜியமே இல்லை. இரண்டு பேரும் வந்து ஒதுங்கிய இடம் பெய்ரூட். 1925 பிப்ரவரியில் அங்கே பிறந்த பெண்தான் எடெல்.

லெபனான் அப்போது பிரான்ஸின் பிடியில். வீட்டுக்குள் துருக்கியும் கிரேக்கமும். வாசல் தாண்டினால் அரபி. பள்ளிக்கூடம் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளுடையது. அங்கே அரபி பேசினால் தண்டனை. தமிழில் பேசியதற்கு ஃபைன் கட்டிய கான்வென்ட் பிள்ளைகள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அந்த வலி சொல்லாமலே புரியும்.

மகளுக்கு அரபி வராமல் போய்விடுமோ என்று அப்பாவுக்குக் கவலை. ஓர் இலக்கணப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, பார்த்து எழுது என்று உட்கார வைத்தார். சிறுமியும் எழுதினாள், பக்கம் பக்கமாக. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால், அந்த எழுத்துகளின் வளைவும் புள்ளியும் பிடித்திருந்தன. இந்த இலக்கணப் புத்தகத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்தார். 1949-ல் தத்துவம் படிக்க பாரிஸ். 1955-ல் அமெரிக்கா, பெர்க்லி பல்கலைக்கழகம். 1958-ல் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சான் ரஃபேல் என்ற ஊரின் டொமினிகன் கல்லூரியில் தத்துவ ஆசிரியை. கவிதை எழுதுவார். பிரெஞ்சில்தான். அது மட்டும்தான் கையில் சரளமாக ஓடிய மொழி.

சிக்கல் அங்கேதான் வந்தது.

1830-லிருந்து அல்ஜீரியாவைத் தன் காலடியில் வைத்திருந்தது பிரான்ஸ். 1954-ல் அல்ஜீரியர்கள் விடுதலைப் போரை ஆரம்பித்தார்கள். குண்டுவீச்சு, சித்திரவதை, கிராமம் கிராமமாக வெளியேற்றம் என்று எட்டு வருடம் ஓடியது. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த எடெலுக்குப் பேனாவை எடுக்கவே கூசியது. பிரெஞ்சில் எழுதினால், தன் ஜனங்களைக் கொல்பவனின் மொழியில் பாடுவதாகாதா? சரி, அரபியில் எழுதலாம் என்றால் தெரியாது. துருக்கி, பெய்ரூட் வீட்டோடு போச்சு. ஆங்கிலம் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. நாலைந்து மொழி தெரிந்த ஒரு கவிஞருக்கு எழுத ஒரு மொழி இல்லை.

அதே கல்லூரியில் ஓவியத் துறையை நடத்தியவர் ஆன் ஓ'ஹான்லன். கலையின் தத்துவத்தைப் பாடமாக நடத்துகிறாயே, நீ ஏன் ஓவியம் வரைவதில்லை என்று ஒருநாள் கேட்டார். எனக்குக் கைவேலை வராது என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்றார் எடெல். அதை நீ நம்பிவிட்டாயா என்று திருப்பிக் கேட்டார் ஆன். அவ்வளவுதான். மிச்சம் மீதி கான்வாஸ் துண்டுகளும் வண்ணங்களும் கைக்கு வந்தன. எடெலுக்கு வயது முப்பத்து நாலு.

இனிமேல் அரபியில் ஓவியம் வரையப்போகிறேன் என்று அவர் முடிவு செய்தார். அவர் பிற்பாடு எழுதியது அது. படிக்கும்போது கொஞ்சம் டிராமாவாகத் தோன்றலாம். அரபி கற்றுக்கொள்வதுதானே சுலபமான வழி என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு மொழியில் காய்கறி வாங்கக் கற்பது வேறு, கவிதை எழுதக் கற்பது வேறு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் எந்த அரசாங்கமும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதுதான் அவருக்குக் கிடைத்த வசதி.

அவர் வரைந்த விதமே அலாதி. கான்வாஸை நிற்க வைக்க மாட்டார். எழுதுகிற மாதிரி மேஜை மேல் படுக்கப் போட்டுக்கொள்வார். பெரும்பாலும் சின்ன சைஸ். டியூபிலிருந்து வண்ணத்தை நேராகப் பிதுக்கி, கத்தியால் வழித்துத் தடவுவார், ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி. தொடங்கினால் ஒரே அமர்வில் முடித்துவிடுவார். ஒரு பட்டை நீலம் என்றால் கடல். ஒரு பச்சை முக்கோணம் என்றால் மலை. எங்கேயோ ஒரு சிவப்புச் சதுரம். அதைச் சூரியன் என்று வைத்துக்கொண்டாலும் சரி, வெறும் சதுரம் என்றாலும் சரி.

இதனால்தான் அவரை மினிமலிஸ்ட் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த லேபிளில் அரைச் சம்மதம்தான். அறுபதுகளில் அமெரிக்காவை ஆட்டிவைத்த மினிமலிஸ்ட்டுகள், இரும்புப் பெட்டியைச் செய்து வைத்து, இது பெட்டி, வேறொன்றுமில்லை என்றார்கள். அதில் ஊர் கிடையாது, வெயில் கிடையாது. எடெலின் நாலு பட்டை வண்ணத்தில் ஒரு ஊரே இருக்கிறது.

எந்த ஊர்? அங்கேதான் இன்னொரு திருப்பம்.

1972-ல் அவர் பெய்ரூட் திரும்பினார். பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் கலாசாரப் பக்க ஆசிரியர் வேலை. சிமோன் ஃபத்தால் என்ற ஓவியரைச் சந்தித்தார். கடைசிவரை கூடவே வாழ்ந்தவர் அவர். மூன்றே வருடத்தில், 1975-ல், லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அது 1990 வரை முடியவில்லை. பாலஸ்தீனர்களுக்கு உதவிய ஒரு பெண்ணைக் கிறிஸ்தவ ஆயுதக்குழு கடத்திக் கொன்றது. அந்தச் சம்பவத்தை வைத்து எடெல் எழுதிய நாவல்தான் 'சித் மேரி ரோஸ்'. எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? பிரெஞ்சில்! அல்ஜீரியா 1962-லேயே விடுதலை வாங்கியிருந்தது. கோபமும் ஆறியிருந்தது. புத்தகம் பாரிஸில் வெளிவந்தது. மிரட்டல் வந்தது. மறுபடி கலிஃபோர்னியா.

சாஸலிட்டோ என்ற ஊரில் குடியேறினார். ஜன்னலைத் திறந்தால் டமல்பைஸ் மலை. எண்ணூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊட்டி தொட்டபெட்டாவில் மூன்றில் ஒரு பங்கு உயரம்கூடக் கிடையாது. அதைப் பனிமூட்டத்தில், மாலையில், மழைக்கு முன்னால் என்று நூற்றுக்கணக்கான தடவை வரைந்தார். வாழ்க்கையில் சந்தித்த மிக முக்கியமான நபர் யார் என்று டி.வி.யில் கேட்டதற்கு, ஒரு மலையைச் சொன்னவர் இவர். அம்மாவின் ஸ்மிர்னா எரிந்துவிட்டது, அப்பாவின் சாம்ராஜ்ஜியம் போய்விட்டது, பெய்ரூட்டில் துப்பாக்கி. மலை மட்டும் காலையில் எழுந்தால் அங்கேயே இருந்தது.

போரை அவர் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. 'அரபு அபோகலிப்ஸ்' என்ற நீள்கவிதையில் வார்த்தை போதாமல் நடுநடுவே அம்புக்குறி, வட்டம், கிறுக்கல் என்று கையால் வரைந்தே வைத்திருக்கிறார். ஓவியத்தில் ஒரு துளி ரத்தம் கிடையாது. உலகத்தோடு சந்தோஷமாக இருக்கும் தன் பாதி அது என்பார்.

இப்போது அந்த இலக்கணப் புத்தகத்துக்கு வருவோம். அறுபதுகளில் எடெல் கைக்கு ஜப்பானிய மடிப்புப் புத்தகம் ஒன்று கிடைத்தது. விசிறி மாதிரி இழுத்தால் பல அடி நீளும். அதில் ஈராக்கியக் கவிஞர் அல்-சய்யாப் போன்றவர்களின் அரபிக் கவிதைகளைத் தன் கையால் எழுதி, சுற்றிலும் நீர்வண்ணம் பூச ஆரம்பித்தார். எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது என்று சொல்ல முடியாது. புரியாத எழுத்தைப் பார்த்து எழுத அப்பா பழக்கிவிட்டிருந்தாரே! கவிதைகளைத் தேர்ந்தெடுத்தது மட்டும் இப்போது அவர்.

உலகம் ரொம்ப லேட்டாகத்தான் கவனித்தது. 2012-ல் ஜெர்மனியின் காஸல் நகரத்து டாக்குமென்டா கண்காட்சியில் அவருடைய சின்னச் சின்ன கான்வாஸ்களை வரிசையாக மாட்டினார்கள். அப்போது வயது 87. அதற்குப் பிறகு ஓயாமல் அழைப்புகள். 2014-ல் பிரான்ஸ் அரசாங்கம் கலை இலக்கியத்துக்கான செவாலியே விருதை அளித்தது. ஆமாம், அதே பிரான்ஸ்தான். எடெல் வாங்கிக்கொண்டார்.

கடைசிக்காலம் பாரிஸில். நீண்ட விமானப் பயணம் உடம்புக்கு ஆகாது என்பதால் கலிஃபோர்னியா போக முடியவில்லை. டமல்பைஸை நினைவிலிருந்தே வரைந்துகொண்டிருந்தார். 2021 அக்டோபரில் நியூயார்க்கின் குகன்ஹைம் மியூசியம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, நவம்பர் 14 அன்று, பாரிஸில் காலமானார். வயது 96. அந்த மலைகள் குகன்ஹைமின் சுவர்களில் 2022 ஜனவரி வரை இருந்தன.