சீட் பெல்ட் கட்டாயமான கதை

1970 டிசம்பர் 22 முதல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காரில் சீட் பெல்ட் இருந்தால் அதைப் போட்டே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது. கார் ஓட்டிக்கும் பயணிக்கும் பெல்ட்டைக் கட்டாயமாக்கிய உலகின் முதல் சட்டம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள்.

பெல்ட் அப்போது புதுப் பொருள் அல்ல. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டை ஸ்வீடன்காரரான நில்ஸ் போலின் 1959இலேயே வோல்வோ காருக்காக உருவாக்கிவிட்டார். அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில், விமானியை விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். வெளியே எறியக் கற்றவர், உள்ளேயே பிடித்து வைக்கவும் வழி கண்டார். அந்த வடிவத்தை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ அனுமதித்தது. 1960களின் முடிவில் விக்டோரியாவின் மெல்பர்ன் தெருக்களில் ஓடிய கார்கள் பலவற்றில் பெல்ட் இருந்தது. போடத்தான் ஆளில்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவர் போட்டிருந்தால் அதிகம்.

போடாததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. இப்போது இருப்பதுபோலத் தானாகச் சுருட்டிக்கொள்ளும் பெல்ட் அன்று எல்லாக் காரிலும் கிடையாது. ஒவ்வொருவரும் தன் உடம்புக்குத் தக்கபடி கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். கழற்றிப் போட்டால் இருக்கைக்கடியில் முறுக்கிக்கொண்டு கிடக்கும். இதற்கு மேல் ஒரு பயம்: கார் தீப்பிடித்தால், ஆற்றில் விழுந்தால், பெல்ட்டே எமனாகிவிடாதா? நெருப்பிலும் நீரிலும் முடியும் விபத்து மிகச் சொற்பம். அப்போதும் மயங்காமல் இருப்பவருக்குத்தான் வெளியே வர வழி உண்டு. மயங்காமல் காப்பாற்றுவது பெல்ட்தான். ஆனால் பயத்துக்கு இந்தக் கணக்கு எங்கே எட்டுகிறது!

வால்டர் ஜோனா இங்கேதான் வருகிறார். லிபரல் கட்சிக்காரர். 1964இல் மெல்பர்னின் ஹாதார்ன் தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர். 1967இல் சாலைப் பாதுகாப்புக்கென இரு அவைகளின் கூட்டுக் குழு ஒன்று அமைந்தது. ஜோனா அதன் தலைவர் ஆனார். பின்வரிசை எம்.எல்.ஏ.வுக்குக் குழுத் தலைமை என்பது பல ஊர்களில் ஓர் ஆறுதல் பரிசு. இவர் அதை வேலையாக எடுத்துக்கொண்டார்.

குழுவில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கலந்திருந்தன. இந்தக் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தன் சொந்தக் காரில் உட்கார்ந்திருப்பவனிடம் போய், நீ இதைக் கட்டிக்கொள், இல்லையென்றால் அபராதம் என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் தனியாகத் துணிச்சல் வராது. எல்லாரும் சேர்ந்து சொன்னால் எவருக்கும் ஓட்டு போகாது. சாலை விபத்தில் சிக்கியவர்களை அறுத்துத் தைத்துக்கொண்டிருந்த அறுவை மருத்துவர்களின் ராயல் ஆஸ்திரேலேசியக் கல்லூரியும் கட்டாயத்துக்காகக் குரல் கொடுத்தது. பக்கத்து மாநிலத்தின் மலைகளில் ஓர் உதாரணமும் தயாராக இருந்தது. ஸ்நோயி மலை நீர்மின் திட்டத்தில் வில்லியம் ஹட்சன் ஆணையராக இருந்தபோது, திட்ட வாகனங்களில் போகும் எல்லாருக்கும் பெல்ட்டைக் கட்டாயமாக்கியிருந்தார். மலைப்பாதையில் பல நாட்டுத் தொழிலாளர்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் போய் வந்தார்கள்.

குழு 1969இல் கட்டாயத்தைப் பரிந்துரைத்தது. அரசு உடனே அசையவில்லை. அப்போது முதல்வர் ஹென்றி போல்டி. 1955 முதல் அசைக்க முடியாமல் நாற்காலியில் இருந்தவர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபோதும் 1967இல் ரொனால்ட் ரயன் என்ற கைதியைத் தூக்கிலிட்டே தீர்த்த அரசு அவருடையது. ஒரு துண்டு நாடாவைக் கட்டச் சொல்ல அந்த அரசுக்கே நாள் பிடித்தது.

1970இன் பின்பாதி நிலைமையை மாற்றியது. அக்டோபர் 15 அன்று மெல்பர்னில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வெஸ்ட் கேட் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து 35 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஊரே உறைந்தது, விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் மாநிலத்தின் சாலைகள் வாரத்துக்குச் சராசரியாக 20 பேரைக் கொன்றுகொண்டிருந்தன. அதற்கு எந்த ஆணையமும் இல்லை. ஒருவர் இருவராகச் சாவதால் அது செய்தியாகவே தெரியவில்லை.

அதைச் செய்தியாக்கியது ‘தி சன்’ நாளிதழ். 1969இல் விக்டோரியாவின் சாலைகளில் இறந்தவர்கள் 1,034 பேர். ஹாரி கார்டன் ஆசிரியராக இருந்த அந்த இதழ் 1970 நவம்பரில் ‘1034’ மீதே போர் தொடுத்தது. எண்ணையே எதிரியாக்கியது கெட்டிக்காரத்தனம். எண்ணோடு வாதாட முடியாது அல்லவா? சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தின் வாசகம் கவனத்துக்குரியது. பெல்ட்டை மேலே போட்டுக்கொண்டால் போதாது. சரியாக அளவுபடுத்தி இறுக மாட்டியிருக்க வேண்டும். போலீஸைக் கண்டதும் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளும் தந்திரத்துக்கு முன்கூட்டியே போட்ட பூட்டு அது. ஆனால் பெல்ட் பொருத்தப்பட்ட இருக்கைகளுக்கு மட்டும்தான் சட்டம். பெல்ட் இல்லாத பழைய கார்க்காரர்கள் பழையபடியே ஓட்டினார்கள். எல்லாக் காரிலும் பெல்ட்டைப் பொருத்து என்று கூடவே கேட்டிருந்தால், மசோதாவே கவிழ்ந்திருக்கும்.

1970இல் 1,061 ஆக இருந்த சாவு 1971இல் 923 ஆகக் குறைந்தது. பெல்ட் போடுவோர் சில ஆண்டுகளில் நான்கில் மூவர் ஆனார்கள். நியூ சவுத் வேல்ஸ் 1971இல் பின்தொடர்ந்தது. 1972 தொடக்கத்துக்குள் ஆஸ்திரேலியா முழுக்கச் சட்டம் வந்துவிட்டது. விக்டோரியா அங்கே நிற்கவில்லை. 1974இல் விபத்தில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வருவோரின் ரத்தத்தில் மது சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. 1976இல் சாலையில் எவரையும் நிறுத்தி மூச்சை ஊதச் சொல்லும் அதிகாரத்தைப் போலீஸுக்குக் கொடுத்தது. ஜோனா பின்னர் அமைச்சரானார். 1985 வரை சட்டமன்றத்தில் இருந்தார்.

மற்ற நாடுகளில் வாதம் ஓயவில்லை. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மசோதா திரும்பத் திரும்ப வந்து விழுந்து, 1983 ஜனவரி 31 அன்றுதான் முன் இருக்கைக்குக் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களில் பெரியவர்களுக்கு முதலில் சட்டம் போட்டது நியூயார்க், 1984இல். அதே நாட்டின் நியூ ஹாம்ப்ஷயரில் 18 வயது நிறைந்தவர் பெல்ட் போடாமல் ஓட்டினால் இன்றும் குற்றமில்லை.