அவசரகாலத்தின் சாவுக் கணக்கு

பிரிட்டிஷ் ஆட்சிக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் இடையே மூண்ட மலாயாவின் அவசரகாலத்தை ஒரு சின்னப் போர் என்று சொல்வது நெடுநாள் வழக்கம். வியட்நாமுக்குப் பக்கத்தில் வைத்தால் அப்படித்தான் தெரியும். 1948 முதல் 1960 வரை கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,473 பேர் என்கிறது அரசுக் கணக்கு. தீபகற்பத்தின் மக்கள்தொகை 1947 குடிக்கணக்கில் 49 லட்சம், 1957இல் 62 லட்சத்துக்கு மேல். நடுவில் 56 லட்சம் என்று கொண்டு வகுத்தால், ஆண்டுக்கு லட்சம் பேரில் நான்குக்கும் குறைவான சாவு. இன்றைய உலகின் சராசரிக் கொலை விகிதமே ஏறக்குறைய ஆறு. அப்படியானால் பேராக் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து சுங்கை சிப்புட் வரை விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் பயந்ததெல்லாம் வீண் பயம்தானா? அந்த எண்ணில் பொய் இல்லை. அதை எதனால் வகுத்தார்கள், எதை அதில் சேர்க்காமல் விட்டார்கள் என்பதில்தான் சிக்கல்.

முதலில் காலம். 1950இல் மட்டும் கொல்லப்பட்ட பொதுமக்கள் 646 பேர், மறு ஆண்டு 533. முதல் ஐந்து ஆண்டுகளில் 2,171 பேர் போய்விட்டார்கள். 1958இல் இறந்தவர்களோ மூன்றே பேர். அமைதி திரும்பிய ஆண்டுகளையும் சேர்த்துப் பன்னிரண்டால் வகுப்பவர் 1950இன் விகிதத்தை மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறக்கிவிடுகிறார். அந்த ஆண்டை மட்டும் எடுத்தால் லட்சத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் வருகிறது. அடுத்தது இடம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரே காலையில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும், இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. சட்டம் நாடு முழுமைக்கும் பொது, தோட்டா அப்படியல்ல. காட்டோரத் தோட்டங்களும் கிந்தாவின் ஈயச் சுரங்கங்களும் தாங்கிய சாவை, கிளந்தான், திரங்கானு கடற்கரை மீனவர்களின் தலைக்கும் சேர்த்துப் பங்கிட்டால் யாருடைய ஆபத்தும் அதில் தெரியாது. அதற்காக வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போவதும் மருந்தல்ல. தஞ்சோங் ரம்புத்தானே இதற்குச் சாட்சி. 1911இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனை ஒரு சிற்றூருக்குள் பல ஊர்களின் நோயாளிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து சேர்த்தது. இறப்பை நடந்த இடத்திலேயே பதியும் ஏட்டை வைத்து அந்த ஊருக்கு விகிதம் போட்டால், நாட்டிலேயே ஆபத்தான இடம் அதுதான் என்று தோன்றும்.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, யாரைச் சேர்த்து எண்ணினார்கள் என்பது. 2,473 பேரோடு பாதுகாப்புப் படையினர் 1,865 பேரையும், கொல்லப்பட்ட கெரில்லாக்கள் 6,710 பேரையும் கூட்டினால் மொத்தம் 11,048. விகிதம் நான்கிலிருந்து பதினாறுக்குத் தாவுகிறது. வட அயர்லாந்தோடு ஒப்பிட்டால் இதன் விளைவு புரியும். அங்கே 1969 முதல் முப்பது ஆண்டுகளில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். மக்கள்தொகை 15 லட்சம். ஆண்டுக்கு லட்சத்தில் ஏழெட்டுப் பேர். அந்த 3,500இல் சிப்பாய், ஆயுதக் குழுவினர், வழிப்போக்கர் எல்லாரும் அடக்கம். மலாயாவின் பொதுமக்களை மட்டும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தால் மலாயா பாதி அமைதியான நாடு. எல்லாரையும் சேர்த்து வைத்தால் இரண்டு மடங்கு கொடிய நாடு. துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குப் போனவனைப் பலியானவர்களோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குற்றமற்றவர் எத்தனை பேர் செத்தார்கள் என்பது ஒரு கணக்கு, ஒரு நாட்டில் எத்தனை பேர் ஆயுதத்தால் செத்தார்கள் என்பது வேறு கணக்கு. எதைப் போட்டாலும் இரு நாட்டுக்கும் ஒன்றையே போடவேண்டும், அவ்வளவுதான். குற்றமற்றவர், ஆயுதம் ஏந்தியவர் என்ற பாகுபாடும் நாம் நினைக்கிற அளவு உறுதியானதல்ல. 1948 டிசம்பரில் பத்தாங் காலித் தோட்டத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்ட 24 பேர் நிராயுதபாணிகள். அன்று அவர்கள் ஏறியதோ, ‘கொள்ளைக்காரர்’ என்று அரசு சொன்ன கெரில்லாக்களின் கணக்கில். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைப்போல் தூக்குமேடை ஏறியவர்கள் இருநூறுக்கு மேல். போரில் மாண்டோர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

இப்படியே தோண்டினால் எந்த ஊரையும் எந்த ஊரோடும் ஒப்பிட முடியாது, எண்களை மூட்டை கட்டி வைத்துவிடலாமே என்று ஒரு மறுப்பு எழும். நான் அதை ஏற்கவில்லை. கணக்கு ஓட்டையாக இருக்கும்போதும் சில ஒப்பீடுகள் நிற்கும். எவ்வளவு பிழையை ஒரு முடிவு தாங்கும் என்று சோதித்தால் போதும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளலாம். மலாயாவிலிருந்து அங்கே போன தொழிலாளர், பெரும்பாலும் தோட்டத் தமிழர், ஏட்டின்படி சுமார் 78,000 பேர். இறந்தோர் சுமார் 29,600, ஓடிப்போனோர் சுமார் 24,600. ஓடியவர் அனைவரும் உயிரோடு ஊர் சேர்ந்தார்கள் என்று வைத்தால் சாவு 38 சதவீதம். அவர்களும் காட்டில் மடிந்தார்கள் என்றால் 69. உண்மை இடையில் எங்கோ. நேச நாட்டுப் போர்க்கைதிகளிலோ சுமார் 61,000 பேரில் 12,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவர். நமக்குப் பாதகமான 38ஐயே எடுத்தாலும் தமிழர் சாவு கைதிகளின் சாவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஏட்டின் பிழை இந்த முடிவை அசைக்கவில்லை.

அந்தத் தொழிலாளர்கள் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் இறந்தார்கள், அதை எப்படிக் கொலைக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் ஒருவர் கேட்கலாம். மருத்துவர் சான்றிதழில் எழுதமாட்டார்தான். மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி நடந்த காலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் நோயாளிகள் பெருமளவில் பசியாலும் நோயாலும் இறந்தபோதும் காரணம் என்ற இடத்தில் நோயின் பெயர்தான் வரும். எனக்கோ அரிசியை நிறுத்திச் சாகவிடுவதும் சுடுவதும் இரண்டு தனி இனமாகத் தோன்றவில்லை. ஆனால் இவற்றைக் கூட்டுகிறவர் 1950இன் 646ஓடு நேராக நிறுத்தக் கூடாது, அந்த எண்ணில் பசிக்குச் செத்தவர் ஒருவரும் இல்லை. கைதிகளின் தரப்பில் பெயரும் தேதியும் கிடைப்பதற்குக் காரணம், அவர்களுக்குச் சொந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் முகாமிலேயே இருந்தது. அதே காரணத்தால்தான் அவர்கள் குறைவாகச் செத்தார்கள் என்றும் நினைக்கிறேன். தமிழர் முகாம்களில் எழுதி வைக்கவும் ஆளில்லை, காலராக்காரனைத் தனியே பிரித்துத் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கவும் ஆளில்லை.